ஆஸ்பத்திரிப் பாக்கி கடன் மதிப்பெண்ணில் ஏறிய வரலாறு

அமெரிக்காவில் ஒருவர் மருத்துவமனைக்குக் கட்டாமல் விட்ட பாக்கி, அந்த மருத்துவமனையின் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. அது வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து கடன் அறிக்கையில் ஏறி, அவருடைய கடன் மதிப்பெண்ணைக் கீழே இறக்குகிறது. மதிப்பெண் இறங்கினால் வீட்டுக் கடனுக்கு வட்டி கூடும். கார் வாங்கக் கடன் கிடைக்காமல் போகலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர் தயங்குவார். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுண்டு. இந்த ஏற்பாட்டை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுக்கவில்லை. கடன் கொடுப்பவர்களுக்குத் தகவல் விற்கும் தொழிலும் நோயாளிகளிடம் பாக்கி வசூலிக்கும் தொழிலும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதன் விளைவு இது.

கடன் தகவல் தொழில் 1841இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதைத் தொடங்கிய லூயிஸ் டாப்பன் பட்டு வியாபாரி. அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டாப்பன் சகோதரர்களின் வியாபாரம் நொடித்தது. தொலைதூர ஊர்களில் இருந்த வாடிக்கையாளர்களுக்குச் சரக்கைக் கடனாக அனுப்பிவிட்டுப் பணம் வராமல் தவித்த அனுபவமே அவரை மெர்க்கன்டைல் ஏஜென்சி என்ற நிறுவனத்தைத் தொடங்க வைத்தது. ஊர் ஊராக வழக்கறிஞர்களைத் தகவலாளிகளாக நியமித்து, அந்தந்த ஊர் வியாபாரியின் நாணயம், சொத்து, பழக்கவழக்கம் ஆகியவற்றை எழுதி வாங்கிப் பேரேடுகளில் பதிந்து, சந்தா கட்டிய மொத்த வியாபாரிகளுக்கு அது படித்துக் காட்டியது. இன்றைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் வேர் அதுதான். ஆனால் அந்தப் பேரேடுகளில் இருந்தவர்கள் வியாபாரிகள் மட்டுமே. சாதாரணக் குடும்பத்தின் கடன் அப்போது தெருமுனை மளிகைக் கடைக்காரரின் கவலையாகவே இருந்தது.

அந்தக் கவலையையும் பின்னாளில் இருவர் தொழிலாக்கினார்கள். கேட்டர் உல்ஃபோர்டும் அவருடைய தம்பி கை உல்ஃபோர்டும் 1899இல் அட்லாண்டாவில் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியைத் தொடங்கினார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, யார் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள், யாரிடம் ரொக்கம் மட்டுமே வாங்க வேண்டும் என்று விசாரித்து, அதைப் புத்தகமாகத் தொகுத்து விற்றார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நாடு முழுக்க, ஊருக்கு ஒன்றாகக் கடன் தகவல் நிலையங்கள் முளைத்தன. துணிக்கடை, மரச்சாமான் கடை, நிலக்கரிக் கடை எனத் தவணைக்கும் கடனுக்கும் சரக்கு கொடுத்தவர்கள் எல்லாரும் அவற்றின் உறுப்பினர்கள். இந்த நிலையங்களில் பல, தகவல் விற்பதோடு நிற்காமல் வசூல் பிரிவையும் கூடவே நடத்தின. கட்டாதவர் பெயரைப் பதிகிற மேசையும் அவரிடம் பணம் கேட்டுக் கடிதம் போடுகிற மேசையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்த அமைப்பை நினைவில் வைக்க வேண்டும். மருத்துவப் பாக்கி பிற்காலத்தில் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

மருத்துவத்தின் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர் வீட்டுக்கு வந்து வைத்தியம் பார்த்தார். கணக்கை நோட்டில் எழுதி வைத்தார். அறுவடை முடிந்ததும் சிலர் பணமாகக் கொடுத்தார்கள், சிலர் கோழி, சோளம், விறகு என்று கொடுத்தார்கள். வசதியுள்ளவரிடம் கூடுதலாகவும் இல்லாதவரிடம் குறைவாகவும் வாங்குவது வழக்கம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் வகுத்த நெறிமுறையில், வறியவருக்கு மனமுவந்து இலவசமாக வைத்தியம் பார்ப்பது மருத்துவரின் கடமை என்றே எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனை என்பது அன்று ஏழைகளுக்கான தர்ம நிறுவனம். 1751இல் தாமஸ் பாண்ட், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முயற்சியால் உருவான பென்சில்வேனியா மருத்துவமனை அந்த வகையின் முன்னோடி. வசதியுள்ள யாரும் மருத்துவமனைக்குப் போய்ப் படுக்க விரும்பியதில்லை.

நோய்க்கிருமி நீக்கிய அறுவை சிகிச்சையும் எக்ஸ்ரேயும் ஆய்வுக்கூடமும் வந்த பிறகு அது மாறியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் மருத்துவமனை நடுத்தர வர்க்கத்தினரும் பணம் கொடுத்துப் போகும் இடமானது. செலவும் ஏறியது. 1927இல் அமைக்கப்பட்ட மருத்துவச் செலவுகள் குழு ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து 1932இல் இறுதி அறிக்கை தந்தது. மருத்துவச் செலவு எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாக வருவதில்லை, எந்த ஆண்டில் எந்த வீட்டின் மேல் விழும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது என்பது அதன் அடிப்படையான கண்டறிதல். முன்பணத் திட்டமும் குழு மருத்துவமும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது.

அந்த அறிக்கைக்கு மூன்று ஆண்டுகள் முன்னமே, டாலஸ் நகரில் ஒருவர் இதே சிக்கலைக் கணக்குப் புத்தகத்தில் கண்டிருந்தார். பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனையின் நிர்வாகத்துக்கு வந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், அதற்கு முன்பு அந்த நகரத்தின் பள்ளிகளை நிர்வகித்தவர். வராத பாக்கிகளைப் புரட்டியபோது அவற்றில் தமக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் நிறைய இருந்ததைப் பார்த்தார். 1929இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் ஆசிரியர் ஒருவர் மாதம் 50 சென்ட் கட்டினால் போதும். தேவைப்படும்போது 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். புளூ கிராஸ் காப்பீட்டு அமைப்புகள் இதிலிருந்து கிளைத்தவை. அமெரிக்காவின் நவீன மருத்துவக் காப்பீடு பிறந்ததே வராத பாக்கிக்கு மருந்தாகத்தான்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் காப்பீட்டை வேலையோடு கட்டிப்போட்டது. 1942இல் சம்பள உயர்வுக்கு அரசு தடை விதித்தது. ஆள் பிடிக்க வேண்டிய கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தன. 1954இன் வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதி செய்தது. 1965இல் முதியோருக்கு மெடிகேரும் வறியோரில் ஒரு பகுதியினருக்கு மெடிகெய்டும் வந்தன. இவற்றுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தது. வேலை உண்டு, ஆனால் காப்பீடு தராத வேலை. வருமானம் குறைவு, ஆனால் மெடிகெய்டுக்குத் தகுதியாகும் அளவுக்குக் குறைவில்லை. இத்தகைய லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த இடைவெளியில் இருந்தன. 1956ஆம் ஆண்டின் வருமான வரித் துறை விதிப்படி, லாப நோக்கமற்ற மருத்துவமனை வரிவிலக்கு பெற வேண்டுமானால் தன்னால் இயன்ற அளவு இலவசச் சிகிச்சை தர வேண்டும். 1969இல் அந்தத் துறை அந்த நிபந்தனையைத் தளர்த்தி, சமூகத்துக்குப் பொதுவாகப் பயன்பட்டால் போதும் என்றது. தர்ம நிறுவனமாகப் பிறந்த மருத்துவமனைக்குத் தர்மம் கட்டாயமில்லை என்றான ஆண்டு அது.

அதே காலத்தில் கடன் தகவல் தொழிலும் உருமாறிக்கொண்டிருந்தது. ரயில் டேங்க் வேகன்களைக் குத்தகைக்கு விட்டுவந்த யூனியன் டேங்க் கார் நிறுவனம் 1968இல் டிரான்ஸ்யூனியனைத் தன் தாய் நிறுவனமாக அமைத்தது. அது அடுத்த ஆண்டே சிகாகோவைச் சேர்ந்த குக் கவுன்டி கடன் தகவல் நிலையத்தை வாங்கியது. வாங்கியபோது கைக்கு வந்தவை ஏழு இழுப்பறை கொண்ட 400 அலமாரிகள்; அவற்றுக்குள் 36 லட்சம் அட்டைகள். ஒருவரைப் பற்றிக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டால், ஊழியர் எழுந்து போய் அட்டையைத் தேடி எடுத்து வாசிக்க வேண்டும். அந்த அட்டைகள் கணினிக்குள் போனதும் ஊர் எல்லை மறைந்தது. சிகாகோவில் நின்ற பாக்கி கலிபோர்னியா வரை பின்தொடர்ந்து வந்தது. ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி 1975இல் எக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் கடன் தகவல் பிரிவு 1996இல் எக்ஸ்பீரியன் ஆனது. இவை மூன்றுமே இன்றும் நாட்டை ஆள்கின்றன. இந்தியர்கள் சிபில் என்று அறிந்திருக்கும் நிறுவனமும் இப்போது டிரான்ஸ்யூனியனுடையதுதான். ஆனால் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கடன் கொடுக்கும் நிறுவனங்களை மையமாக வைத்து எழுதப்பட்டது. மருத்துவமனை அந்த வரையறைக்குள் வருவதில்லை.

கணினியில் ஏறிய கோப்புகளில் பாக்கி மட்டும் இல்லை. குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், அரசியல் நடவடிக்கை என்று வதந்தியும் கலந்திருந்தது. நாடாளுமன்ற விசாரணைகளுக்குப் பிறகு 1970இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையையும், பெரும்பாலான பாதகமான பதிவுகளுக்கு ஏழு ஆண்டு ஆயுள் என்ற வரம்பையும் கொடுத்தது அதுதான். 1977இல் வந்த இன்னொரு சட்டம் நள்ளிரவுத் தொலைபேசி, மிரட்டல், பொய் வேடம் போன்ற வசூல் முறைகளைத் தடை செய்தது. அது வசூல் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தியது. தன் பாக்கியைத் தானே கேட்கும் மருத்துவமனையைப் பொதுவாகக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டு சட்டங்களும் முறைகேட்டைக் குறைத்தன. ஆனால் மருத்துவமனைப் பாக்கி கடன் அறிக்கையில் இருக்கலாமா என்ற கேள்வியை அன்று எழுதப்பட்ட சட்டத்தில் எங்கும் காண முடியாது.

மதிப்பெண் இதற்குப் பிறகு வந்தது. பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் எர்ல் ஐசக்கும் 1956இல் தொடங்கிய ஃபேர் ஐசக் நிறுவனம், கடை கடையாக, வங்கி வங்கியாக மதிப்பெண் முறைகளைச் செய்து கொடுத்து வந்தது. 1989இல் எல்லாருக்கும் பொதுவான ஃபைகோ மதிப்பெண்ணை அறிமுகம் செய்தது: 300க்கும் 850க்கும் இடையே ஒரே எண். வீட்டுக் கடன் சந்தையின் அச்சாணிகளான ஃபேனி மே, ஃப்ரெடி மாக் இரண்டும் 1995இல் அதைப் பரிந்துரைத்ததும் அந்த எண் அமெரிக்கக் குடும்பத்தின் அன்றாடத்துக்குள் வந்துவிட்டது. அந்த எண்ணில் 35 விழுக்காடு, கடனைக் கட்டிய வரலாற்றுக்குப் போகிறது. வசூலுக்குப் போன பாக்கி அந்தப் பகுதியைத் தாக்கும். பழைய மதிப்பெண் முறைகளுக்குக் கிரெடிட் கார்டில் ஊதாரித்தனம் செய்து ஓடியவரும், ஆம்புலன்ஸ் பில்லைக் கட்ட முடியாதவரும் ஒன்றுதான். தொகை சிறியதா பெரியதா என்பதும் அவ்வளவு பொருட்டில்லை. பதிவு இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். அதுவரை ஒரு கரும்புள்ளியும் இல்லாமல் உயர்ந்த மதிப்பெண் வைத்திருந்தவருக்கே அடி பலமாக விழும்.

இங்கே ஒரு சமனற்ற நிலை உண்டு. இந்த வரலாற்றில் அதுவே மிகவும் கவனிக்கத்தக்கது. வீட்டுக் கடனை மாதாமாதம் கட்டுபவருக்கு ஒவ்வொரு தவணையும் அறிக்கையில் நற்சான்றாகப் பதிவாகிறது. மருத்துவமனைகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வழக்கமாக எதையும் அனுப்புவதில்லை. பத்து ஆண்டுகளாக எல்லா மருத்துவ பில்லையும் நாள் தவறாமல் கட்டியவருக்கு அதனால் ஒரு புள்ளிகூட ஏறாது. ஒரே ஒரு பில் தவறி வசூல் நிறுவனத்துக்குப் போனால் மட்டும் அவர் பெயர் பதிவேட்டுக்கு வரும். அந்தப் பதிவை அனுப்புவது மருத்துவமனை அல்ல, வசூல் நிறுவனம். கடன் கொடுப்பவர்களுக்கு ஆபத்தைச் சொல்லும் தகவல் என்ற பெயரில் அது போனாலும், அதன் உண்மையான வேலை கடனாளியைக் கட்ட வைப்பதுதான்.

பில் எப்படித் தவறுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு ஒரே பில் வருவதில்லை. மருத்துவமனைக்கு ஒன்று, அறுவை சிகிச்சை நிபுணருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று, எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவருக்கு ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்துகொண்டிருக்கும். நடுவே காப்பீட்டு நிறுவனம் ஒரு விளக்கத் தாள் அனுப்பும். அது பில் அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சிகிச்சைக்கான குறியீடு ஒன்று தவறாக எழுதப்பட்டிருந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடும்; மறுப்பை எதிர்த்து மனு போட்டால் பதில் வர மாதங்கள் ஆகும். காப்பீடு இல்லாதவருக்கோ மருத்துவமனையின் முழு விலைப் பட்டியல்படியே தொகை வரும்; காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசிக் குறைத்த விலையைவிட அது பல மடங்கு இருக்கலாம். இதற்கிடையில் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று நிலுவை முதிர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கணக்கை வசூலுக்குத் தள்ளிவிடுவார்கள். வசூலானதில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு; பாக்கியை டாலருக்குச் சில சென்ட் விலையில் மொத்தமாக வாங்கிவிடுபவர்களும் உண்டு.

வசூல்காரர்களிடையே ஒரு தந்திரமும் இருந்தது. கடனாளிக்குக் கடிதமோ அழைப்போ போகாது. பாக்கியை மட்டும் அறிக்கையில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த ஆள் என்றாவது வீட்டுக் கடனுக்கு மனுச் செய்வார். வங்கி பதிவைக் காட்டும். பத்திரப் பதிவு நாள் நெருங்கும் அவசரத்தில், பாக்கி சரியா தப்பா என்று பார்க்க நேரமில்லாமல் கட்டிவிடுவார். தொடர்பு கொள்ளும் முன் பதிவேற்றக் கூடாது என்ற விதி 2021 நவம்பர் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அறிக்கையில் அந்த வரி எப்படி இருக்கும் என்பதும் சொல்லத்தக்கது. வசூல் நிறுவனத்தின் பெயர், தொகை, தவறிய தேதி. மூலக் கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் மருத்துவம் தொடர்பானது என்ற பொதுக் குறிப்பு. புற்றுநோய் மருத்துவமனையா மனநல மருத்துவமனையா என்று தெரியாதபடி பெயரை மறைக்க வேண்டும் என்றது 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட்டது. அதே காரணத்தால், ஆறேழு பில்களில் எது வசூலுக்குப் போனது என்று அவருக்கே புரியாமலும் போனது.

பிரச்சினையின் அளவு அதே ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆய்வாளர்கள் கடன் அறிக்கைகளை மாதிரியெடுத்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், வசூல் பதிவுகளில் பாதிக்கு மேல் மருத்துவத்துக்கானவை என்று கண்டார்கள். நிதி நெருக்கடிக்குப் பின் உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் இன்னும் ஆழமாகப் போனது. 4.3 கோடிப் பேரின் அறிக்கையில் மருத்துவ வசூல் பதிவு இருந்தது. நடுவளவுத் தொகை 207 டாலர்தான். மருத்துவப் பாக்கி மட்டுமே வசூலில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மற்றக் கடன்களை ஒழுங்காகக் கட்டிவந்தவர்கள். அந்த ஆண்டு மே மாதம் வந்த ஆய்வு, மதிப்பெண்ணின் அடிப்படையையே தொட்டது. வசூல் பதிவுகளில் பெரும்பகுதி மருத்துவமாக இருந்தவர்கள் பின்னாளில் கடனைக் கட்டிய விதம், அவர்களைவிடப் பத்துப் புள்ளி கூடுதலாக உள்ளவர்கள் கட்டிய விதத்தைப் போலவே இருந்தது. பாக்கியை அடைத்துவிட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் 22 புள்ளி வரை போனது. கடனை ஒருவர் திரும்பக் கட்டுவாரா என்று கணிக்கவே மதிப்பெண் இருக்கிறது. அந்தக் கணிப்பில் மருத்துவப் பாக்கி தவறான பக்கம் இழுத்தது என்று எண்களே காட்டிவிட்டன.

ஃபேர் ஐசக் அந்த ஆகஸ்டிலேயே ஃபைகோ 9 என்ற புதிய முறையை அறிவித்தது. அடைக்கப்பட்ட வசூல் பாக்கியை அது கணக்கில் எடுக்காது; அடைபடாத மருத்துவப் பாக்கிக்கு எடையைக் குறைக்கும். மூன்று தகவல் நிறுவனங்களும் சேர்ந்து 2006இல் தொடங்கிய வான்டேஜ்ஸ்கோரும் அதே திசையில் போனது. 2022இல் மருத்துவ வசூல் பதிவுகளை முற்றிலும் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் புதிய முறை வெளியானதும் பழையது மறைவதில்லை. ஃபேனி மேயும் ஃப்ரெடி மாக்கும் பல ஆண்டுகள் பழைய ஃபைகோ வகைகளையே கேட்டன. ஆகவே வீடு வாங்கப் போனவர்களுக்கு மாற்றத்தின் பலன் கிட்டவில்லை.

மருத்துவமனைகளின் பக்கத்தில் 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் இரண்டு வேலைகள் செய்தது. முதலாவது, லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதி உதவிக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்; நோயாளி அதற்குத் தகுதியானவரா என்று பார்க்க முயலாமல், முதல் பில்லுக்குப் பின் 120 நாள் ஆகும்முன், கடன் அறிக்கையில் ஏற்றுவது போன்ற கடும் நடவடிக்கையில் இறங்கக் கூடாது. இரண்டாவது, மெடிகெய்டு விரிவாக்கம். அதைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னதால் மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்தன. விரிவாக்கிய மாநிலங்களில் மருத்துவப் பாக்கி வேகமாகக் குறைந்தது. மறுத்த மாநிலங்களில், குறிப்பாகத் தெற்கில், தங்கிவிட்டது. 2021இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வின்படி, 2020 ஜூனில் 17.8 விழுக்காட்டினருக்கு வசூலில் மருத்துவப் பாக்கி இருந்தது. மதிப்பெண்ணைத் திருத்திச் சாதித்ததைவிடக் காப்பீட்டைப் பரப்பிச் சாதித்தது அதிகம்.

கடன் தகவல் நிறுவனங்கள் தாமாக இறங்கிவந்ததும் படிப்படியாகத்தான். 2015இல் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞருடனும், பிறகு முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுடனும் செய்த உடன்பாட்டில், மருத்துவப் பாக்கியை 180 நாள் வரை அறிக்கையில் காட்டாதிருக்கவும், காப்பீட்டு நிறுவனம் கட்டியதும் நீக்கவும் சம்மதித்தன. இது 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் ஆணையம் 2022 மார்ச்சில், அறிக்கைகளில் 8,800 கோடி டாலர் மருத்துவப் பாக்கி கிடப்பதாகச் சொன்னது. அதே மாதம் மூன்று நிறுவனங்களும் கூட்டாக அறிவித்தன: அடைக்கப்பட்ட மருத்துவப் பாக்கி அறவே நீக்கப்படும், அடைபடாதது ஓராண்டு கழித்தே ஏறும். 2023 ஏப்ரலில் 500 டாலருக்கு உட்பட்டவையும் போயின. கோடிக்கணக்கான பதிவுகள் மறைந்தன. மிஞ்சியவை பெரிய பாக்கிகள்: 1.5 கோடிப் பேர், 4,900 கோடி டாலர். குறைந்த வருமானக்காரர்களும் தென்மாநிலத்தவரும் அதில் அதிகம்.

பாக்கியையே அழித்துவிடும் முயற்சியும் இந்தக் காலத்தில் நடந்தது. வசூல் தொழிலில் இருந்து விலகிய கிரெய்க் ஆன்டிகோ, ஜெரி ஆஷ்டன் இருவரும் 2014இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், பழைய பாக்கிகளைச் சந்தை விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்தது. 2016இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜான் ஆலிவரின் நிகழ்ச்சி 1.5 கோடி டாலர் பாக்கியை வெறும் 60,000 டாலருக்கு வாங்கி அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டாலருக்கு அரை சென்ட்கூடப் பெறாத பாக்கிக்காக மக்களின் மதிப்பெண் ஏழு ஆண்டு கெட்டுக் கிடந்தது என்பதை நாடே பார்த்தது. ஆனால் 2024இல் பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, இத்தகைய தள்ளுபடியால் சராசரியாக மனநலமோ நிதிநிலையோ தேறவில்லை என்றது. பாக்கி அறிக்கையில் இருந்தவர்களுக்கு மட்டும் கடன் பெறும் வசதி சற்றுக் கூடியது. அழிக்கப்பட்டவை பெரும்பாலும் ஆண்டுகள் பல கடந்த பாக்கிகள். அதற்குள் வர வேண்டிய சேதம் வந்து முடிந்திருக்கும்.

அறிக்கையிலிருந்து மருத்துவப் பாக்கியைச் சட்டத்தால் முற்றிலும் நீக்க முதலில் இறங்கியவை மாநிலங்கள். கொலராடோ 2023இல் மருத்துவப் பாக்கியைக் கடன் அறிக்கையில் சேர்ப்பதைத் தடை செய்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கும், பின்னர் கலிபோர்னியா, இலினாய், நியூஜெர்சி, மினசோட்டா உள்ளிட்டவையும் சேர்ந்துகொண்டன. வட கரோலினா வேறு வழியைத் தேர்ந்தது: 2024இல், பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்யும் மருத்துவமனைகளுக்கு மெடிகெய்டில் கூடுதல் பணம் என்று அறிவித்தது, மாநிலத்தின் 99 மருத்துவமனைகளும் ஒப்புக்கொண்டன.

நாடு முழுமைக்குமான தடையை நுகர்வோர் ஆணையம் 2025 ஜனவரி 7 அன்று இறுதி செய்தது. பாதிக்கப்பட்டவர்களின் மதிப்பெண் சராசரியாக 20 புள்ளி உயரும், ஆண்டுக்கு 22,000 வீட்டுக் கடன்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அதன் மதிப்பீடு. சில நாளில் ஆட்சி மாறியது. கடன் தகவல் தொழிலின் சங்கமும் கடன் சங்கங்களின் அமைப்பு ஒன்றும் டெக்சாஸில் தொடுத்திருந்த வழக்கில், புதிய தலைமையின் கீழ் வந்த ஆணையமும் அவர்களோடு சேர்ந்து விதியை ரத்து செய்யக் கேட்டது. ஜூலை 11 அன்று நீதிபதி ஷான் ஜோர்டன் அதை ரத்து செய்தார். பெயரும் நோயும் தெரியாதபடி குறியிட்டால் மருத்துவப் பாக்கியை அறிக்கையில் சேர்க்கலாம் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது, ஆணையம் அதை மீற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நோயாளியின் அந்தரங்கத்துக்காக 2003இல் சேர்த்த குறியீட்டு விதியே அவருடைய பாக்கியைப் பதிவேட்டில் வைத்திருக்கும் சட்டக் காரணமாகவும் ஆனது. அக்டோபரில் ஆணையம் இன்னும் ஒரு படி போய், மாநிலத் தடைகளும் மத்தியச் சட்டத்துக்கு முன் செல்லாது என்று தன் விளக்கத்தை வெளியிட்டது. அந்த விளக்கத்தால் மாநிலச் சட்டங்கள் தாமாக ரத்தாகிவிடுவதில்லை. அவை செல்லுமா செல்லாதா என்பதை நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நாடு முழுமைக்கும் மிஞ்சியிருப்பது தகவல் நிறுவனங்கள் தாமாக ஏற்ற விதிகள்: ஓராண்டு அவகாசம், 500 டாலர் வரம்பு, அடைத்ததும் நீக்கம். அவற்றை அந்த நிறுவனங்களே மாற்றிக்கொள்ளவும் முடியும். இந்த விதிகளுக்கு எட்டாத பாக்கியும் உண்டு. பல் மருத்துவத்துக்காக 1987இல் தொடங்கிய கேர்கிரெடிட் போன்ற மருத்துவக் கடன் அட்டைகளை மருத்துவமனை முகப்பிலேயே நீட்டுகிறார்கள்; குறித்த கெடுவுக்குள் முழுத் தொகையையும் அடைத்தால் வட்டி இல்லை, அடைக்காவிட்டால் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும் (2023இல் அது ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டி இருந்தது). அந்த அட்டையில் தேய்த்த தொகை அறிக்கையில் மருத்துவப் பாக்கி என்று வராது, சாதாரணக் கிரெடிட் கார்டு கடன் என்றே வரும். ஓராண்டு அவகாசமும் கிடையாது, 500 டாலர் வரம்பும் கிடையாது. முப்பது நாள் தவறினாலே மதிப்பெண்ணில் ஏறிவிடும்.